தலையாட்டி

திருநெல்வேலிச் சந்திக்குப் பின்னால்,
மரக்கறிச் சந்தையின் இரைச்சல் எட்டுகிற மூன்றாம் மாடியில்
என் வேலை துப்பலை வாசிப்பது.
நாலெழுத்துப் படித்தவள் என்று ஊர் சொல்லும்.
உண்மையில் நாலே நாலு எழுத்துத்தான்.
முந்நூறு கோடித் தரம் மாறி மாறி வரும் அந்த நாலுக்குள்
யாரோ கைவைத்த இடத்தை நான் தேடவேண்டும்.

மாகாண மெய்வல்லுநர் போட்டி. பத்தாயிரம் மீற்றர், பெண்கள்.
முதலாவது: அ. அன்ரனிற்றா, நெடுந்தீவு.
மே மாத வெயிலில் மற்றவர்கள் சுருண்டு விழ
உதடு காயாமல் ஓடி முடித்திருக்கிறாள்.

கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலமும் ஆகவில்லை.
உப்பை என்ன செய்வதென்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் வரியில்
ஒரு வெட்டு, ஒரு ஒட்டு,
ஒட்டின விளிம்பில் எவரும் துடைக்காமல் விட்ட
பதினேழு எழுத்து.
மலிவான கை. பழைய கத்தி.
உள்சட்டையில் தொங்கும் நூல் மாதிரி.

தாய் முதல் படகிலேயே வந்துவிட்டா.
"ஓடுறதுக்கில்லைப் பிள்ளை," என்றா,
"தண்ணி குடிக்கிறதுக்கு.
எங்கட கிணறு உங்களுக்குத் தெரியாது.
மூத்தவனுக்குப் பதினொரு வயசில கிட்னி ரெண்டும் போட்டுது.
இவளைத் தரிக்க முதல் வள்ளத்தை வித்தம்."

சட்டத்தில் இரண்டு சொல் இருக்கிறது:
சிகிச்சை, மேம்பாடு.
ஒன்றுக்கு அனுமதி, மற்றதுக்குத் தடை.
நோய் வரமுதல் பூட்டிய கதவு எதில் சேரும் என்று
எழுதியவர்கள் எழுதவில்லை.
அவர்கள் போத்தல் தண்ணீர் குடிப்பவர்கள்.

இரண்டாவதாய் வந்தவள்
ரொறொன்ரோவில் பிறந்து நல்லூரில் வளர்கிறவள்.
அவளையும் வாசித்தேன்.
இருபது வருடத்தில் அப்படி ஒரு பிரதி கண்டதில்லை.
ஒரு பிழையில்லை, ஒரு பிசிறில்லை,
பரம்பரைக் கறள் ஒரு துளியில்லை.
தாயிடமும் தகப்பனிடமும் இருந்த நல்லது மட்டும்
வரிசையாய் வந்து குந்தியிருக்கிறது.
தற்செயல் இவ்வளவு மரியாதை தெரிந்ததல்ல.
ஆனால் தையலைத்தான் தேடச் சொன்னார்கள்.
தையலே தெரியாத சட்டைக்குப்
படிவத்தில் பெட்டி இல்லை.

அப்பா ஒரேயொரு தரம் சொன்னார்.
அவருக்குப் பன்னிரண்டு வயது.
கோயில் வீதியில் ஆம்பிளையளை வரிசையாய் விட்டார்களாம்.
ஜீப்புக்குள் சாக்குப் போட்ட ஒருவன்,
இரண்டு ஓட்டை, இரண்டு கண்.
அந்தத் தலை ஆடினால் வரிசையில் ஒருவன் வீடு திரும்பான்.
அப்பாவுக்கு நேரே அது ஆடவில்லை.
"ஆள் ஆரெண்டு எனக்குத் தெரியும்," என்றார்.
"செருப்பில தெரிஞ்சுது."
பெயரை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

என்னுடையது வெள்ளைக் கோட்.
மூக்குக்கு மேல் திறந்த முகமூடி.
திரை கேட்கிறது: மாற்றம் உண்டா?

உண்டு என்பது உண்மை. அழுத்தினேன்.
கீழே, குறிப்பு என்ற பெட்டியில்
தண்ணீர் குடிப்பதற்கு
என்று எழுதினேன்.
இலக்கங்கள் மட்டுமே ஏற்கப்படும் என்றது.

வெளியே நடையில்
கைகழுவும் குழாயில் வாய்வைத்து
அன்ரனிற்றா குடித்துக்கொண்டிருந்தாள்.
அதற்கு மேலே சிவப்பில்: குடிக்க உகந்ததல்ல.
கடைசிப் படகுக்கு நேரமாகுது என்று தாய் கூப்பிட
நிமிர்ந்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
செருப்பைப் பார்த்தாள்.