கால் நொடி

பதினோரு மணிக்குத்தான் விடிகிறது
ஐஸ்லாந்தின் வடகரையில், ஜனவரியில்.
லாயத்துத் தூணில், முழங்கால் உயரத்தில்
கேமராவைக் கட்டினேன்,
வைக்கோல் கட்டும் நீலக் கயிற்றால்.
யுஎஸ்பி வயர் ஐந்து மீட்டர்.
மடிக்கணினி இருந்ததோ ஆறரையில்.
ஆகவே மேசை நகர்ந்தது,
மேசைக்காகச் சாணித் தள்ளுவண்டி நகர்ந்தது,
வண்டிக்காக நாய் எழுந்து போனது
என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு.

கேமராவே இல்லை என்றது கணினி.
பிடுங்கிச் செருகினேன். இருக்கிறது என்றது.
இரண்டுக்கும் காரணம் சொல்லவில்லை.

மங்கலில் அது தானாகவே
கண்ணை அகலத் திறந்துகொண்டு
நொடிக்கு முப்பது படம் என்ற வாக்கைப்
பதினைந்தாக்கிக்கொண்டது.
அந்தத் தானியங்கியை அணைத்து
இரண்டு விளக்கு கூடுதலாக மாட்டினேன்.

சென்சார் தீப்பெட்டி அளவு.
ஸ்கீமாவின் கடிவாளத்தில், இரு காதுகளுக்கு நடுவே.
நொடிக்கு இருநூறு முறை எழுதும்
தலை ஏறியதை, தலை இறங்கியதை.
வலிக்கிற கால் தரையில் படும்போது
குதிரை தலையைத் தூக்கும்.
எந்தக் கால் என்று சென்சாருக்குத் தெரியாது,
தலை என்ன செய்தது என்று கேமராவுக்கு நிச்சயமில்லை,
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்
போதும் என்று நினைத்தேன்.

வைத்தேன்.
இடது முன்னங்கால் என்றேன் ஸ்டெயின்வோரிடம்.

ஒன்பது நாள் இடக்காலுக்குக் களிமண் கட்டு.
ஒன்பது நாளும் ஸ்கீமா காலை நீட்டிக் கொடுத்தாள்,
யாருடைய காலையோ கொடுப்பதுபோல.

பத்தாம் நாள் பதிவை மீண்டும் ஓட்டினேன்.
ஸ்டெயின்வோர் கை தவறி
வாளி கல்தரையில் விழுகிறது.
அது விழுவதற்கு முன்பே
வரைபடத்தில் ஸ்கீமாவின் தலை துள்ளியிருக்கிறது.

வருவதை முன்னறியும் குதிரை!
ஒரு நிமிடம்
அப்படியே நம்பிவிட ஆசையாக இருந்தது.

பிறகு சென்சாரைக் கழற்றினேன்.
கேமராவின் முகத்துக்கு நேரே
பலகையில் மூன்று தட்டு.
எழுந்து நிற்கும் மூன்று முட்களை
வரைபடத்தில் கண்டுபிடித்தேன்.
படத்தில் என் கை அப்போது
இன்னும் காற்றில் இருந்தது.

கால் நொடி.
படம் பின்னால் வந்துகொண்டிருந்தது,
எங்கோ உள்ளே வரிசையில் நின்றுவிட்டு.
துள்ளோட்டத்தில் ஸ்கீமாவுக்கு
இடதும் வலதும் சேர்ந்து ஒரு சுற்று அரை நொடி.
கால் நொடி பிசகினால்
கால் மாறிவிடும்.

ஸ்டெயின்வோர் வந்தாள். சொன்னேன்.
"எவ்வளவு?" என்றாள்.
"கால் நொடி."
"அவ்வளவுதானா, எய்விந்துர்?"
அவள் கோபப்பட்டிருந்தால்
பேச ஏதாவது கிடைத்திருக்கும்.
குனிந்து வலது கணுவை இரு விரலால் அழுத்தினாள்.
ஸ்கீமா வெடுக்கென்று காலை இழுத்தாள்.
கேமரா இல்லை, கடிவாளத்தில் எதுவும் இல்லை.

இடக்காலின் கட்டை அவிழ்த்தோம்.
களிமண் காய்ந்து ஓடு ஓடாக வந்தது.
கீழே மயிர் ஈரமாக, சுருண்டு,
குற்றமில்லாமல் இருந்தது.

இப்போதெல்லாம் தொடக்கத்தில் மூன்று தட்டு,
முடிவிலும் மூன்று.
கடிகாரங்கள் இரண்டும் ஒரே திசையில்தான் போகின்றன,
ஆனால் சேர்ந்து போவதில்லை;
அரை மணியில் ஓரிரு படம் விலகிவிடும்.
மேசையில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: தட்டு.
அதன் கீழே ஸ்டெயின்வோரின் எழுத்தில்:
காலையும் தொட்டுப் பார்.

எல்லாப் பதிவின் முதல் நொடிகளிலும்
என் கை, பலகை,
பின்னால் மங்கலாக ஸ்கீமா,
கதவைத் தட்டுவது யாரென்று
ஒற்றைக் காதைத் திருப்புகிறாள்.