கூட்டல் குறி

சினிமாவுக்கு என்னிடம் பிடித்தது
ஐந்தடி நாலு அங்குலம்.

கேத்தி பாலாடாவில்
கேரட் கழுவும் மெஷின் ஓரம்
சாக்கு தைத்துக்கொண்டிருந்தவளை
வேனிலிருந்து இறங்கிய ஒருவன்
டேப் வைத்து அளந்தான்.
முகத்தைப் பார்க்கவே இல்லை.
நாளுக்கு எழுநூறு, சாப்பாடு அவர்களுடையது.

வேலை, நிற்பது.
ஸ்டேஷன் பிளாட்பாரத்தில்
சாக்பீஸால் ஒரு கூட்டல் குறி.
கதாநாயகி வரும்வரை
அவள் மூக்கு இருக்கவேண்டிய இடத்தில்
என் மூக்கு.
கேமராக்காரர் என் கன்னத்தில்
வெளிச்சத்தைக் கூட்டுவார், குறைப்பார்,
"லைட் பொண்ணு, கொஞ்சம் இடது" என்பார்.
எல்லாம் கூடிவந்த நொடியில்
"போதும், மேடத்தைக் கூப்பிடு."
குறியை விட்டு இறங்கிவிட வேண்டும்.
நிற்பதைவிட அது கஷ்டம்.
நாலு நாளாயிற்று பழக.

மஞ்சு கேட்டால் வராது.
கேட்காதபோது குன்னூர்ப் பக்கமிருந்து ஏறிவந்து
தண்டவாளத்தையே தின்றுவிடும்.
அதனால் லாரியில் ஒரு புகை மெஷின்
சென்னையிலிருந்து வந்திருந்தது,
நீலகிரிக்கு.
நாங்கள் சிரித்தோம்.
மெஷின்காரர் சிரிக்கவில்லை.
"இது சொன்னா கேக்கும்" என்றார்.

பால்வண்ணன் ஏழாவது உதவி இயக்குநர்.
குடை பிடிப்பவர்,
குடைக்கு வெளியே நனைபவர்.
கோவில்பட்டிப் பக்கம். பதினோரு வருஷம், நாலு படம்.
ஒன்றில் பெயர் வந்ததாம்
எழுத்துப் பிழையோடு.

"சினிமாவுக்குள்ள போக என்ன சார் வேணும்?"

"முழங்கால்" என்றார் யோசித்து.
"அப்புறம், சாப்பிட்ட மாதிரியே ஒரு மூஞ்சி.
வடபழனியில வாடகை கேக்காத ஒரு சிநேகிதன்.
அவனுக்குக் கல்யாணம் ஆயிடக் கூடாது."

மூன்றாம் நாள் மழை.
பார்சல் அறையில் ஃபைலைப் பிரித்தார்.
எந்தத் தயாரிப்பாளரும்
எட்டு நிமிஷம் தாண்டிக் கேட்டதில்லையாம்.
நான் ரெண்டு மணி நேரம் கேட்டேன்,
மழை அப்படி.

கிழங்கு மண்டிக் கணக்குப்பிள்ளை ஒருத்தன்
தான் எழுதிய பொய்க் கணக்கைச் சொல்லிவிட
சித்திரை மாத உறைபனியில்
ராத்திரி முழுக்க நடக்கிறான், தன்னந்தனியாய்.
அந்த இடத்தில் அவருக்கே தொண்டை அடைத்தது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.
"சித்திரையில உறைபனி விழாது சார்.
தையில விழும்.
புல்லு மேல நடந்தா கண்ணாடி மிதிச்ச சத்தம் வரும்.
வெயில் படறதுக்குள்ள தண்ணி தெளிக்கலைன்னா
கிழங்குச் செடி கருகிடும்.
அதனால விடியக்காலம் காடு முழுக்க ஆளு இருக்கும்,
ஓஸைப் பிடிச்சுக்கிட்டு.
அவரு தனியா நடக்க முடியாது."

கொஞ்ச நேரம் ஓட்டுமேல் மழை மட்டும்.
குளிரில் பேனா எழுதவில்லை.
முனையை வாயருகே வைத்து ஊதினார்.
சித்திரையை அடித்தார்.
தனியாய் என்பதையும்.
"உன் பேரு?"
சம்பள ரசீதில்கூட நான் 'லைட் 1' தான்.
ஓரத்தில் எழுதி என் பக்கம் திருப்பினார்,
எழுத்து சரிதானா என்று.
ஜெசிந்தா.
சரிதான்.

படம் வந்தது. ஊட்டியில் பார்த்தேன்.
அவள் கன்னத்தில் அந்த வெளிச்சம்
நன்றாகத்தான் இருந்தது.
பக்கத்து சீட்டில் யாரோ பாப்கார்ன் நீட்டினார்கள்,
எடுத்துக்கொண்டேன்.

மூணு வருஷம் கழித்து இன்னொரு வேன்.
குடை வேறொரு பையன் கையில்.
பால்வண்ணன் காதோரம் நரைத்திருந்தார்,
மூன்றாவது உதவி இயக்குநர்.
அதே ஃபைல், புது ரப்பர் பேண்டு.

"கதை?"
"இருக்கு."
"மாசம்?"
"தை" என்றார்.
மேலே நான் ஒன்றும் கேட்கவில்லை.

டேப் வந்தது.
இந்தக் கதாநாயகி ஐந்தடி ஆறாம்.
கூட்டல் குறிமேல் ஒரு பலகை போட்டார்கள்.
செருப்பைக் கழற்றிவிட்டு
ஏறினேன்.