ரசமட்டம்

ஜூன் பிறந்தால் போதும், ஆள் மேல் ஆள் வருகிறது.
"கதவு பிடிக்குது கெஸ்கில், வந்து பாரேன்."
இழைப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன்.

அர்கா குயலில் மொத்தம் தொண்ணூற்றிரண்டு வீடுகள்,
எல்லாம் லார்ச் மரத்தை அடுக்கிக் கட்டியவை.
போன வருஷம் முப்பத்தொரு கதவு.
இந்த வருஷம் ஜூலையே தாண்டவில்லை,
நோட்டில் ஐம்பது ஆகிவிட்டது.
ஊரில் வளர்கிற தொழில்
என்னுடையது ஒன்றுதான்.

கதவின் மேல் குற்றமில்லை என்றால்
யாரும் கேட்பதில்லை.
"மரம் ஊறியிருக்கும்" என்கிறார்கள்.
வாசற்படியில் ரசமட்டத்தை வைக்கிறேன்.
குமிழி, இரண்டு கோட்டுக்கு நடுவே நிற்க மாட்டாமல்
வடக்கே ஓடி
கண்ணாடி முனையில் ஒட்டிக்கொள்கிறது,
அடி வாங்கிய பிள்ளை மாதிரி.

நகர்ந்தது நிலை.
நிலைக்கு வெளியே சுவர், சுவருக்குக் கீழே கட்டை,
கட்டைக்கும் கீழே
மம்மூத் யானைகள் செத்து விழுந்த நாளிலிருந்து
உருகாமல் கிடந்த பனி.
அது இப்போது
பிடியை விடுகிறது, விரல் விரலாக.

அகுலீனாவின் நிலவறையில்
குதிரை இறைச்சி கோடையிலும் கல்லாய்க் கிடக்கும்.
இன்று ஏணியில் மூன்றாம் படிக்குக் கீழே தண்ணீர்;
ஒரு ரப்பர் செருப்பு மிதக்கிறது.
தவணையில் குளிர்பெட்டி வாங்கியிருக்கிறாள்.
அதற்கு மின்சாரம், மின்சாரத்துக்கு டீசல்,
டீசலுக்கு ஆற்றில் படகு வர வேண்டும்.
மைனஸ் ஐம்பதில் பிறந்தவர்கள் நாங்கள்,
குளிரைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.
அவள் சிரித்தாள். நான் கதவின் அடியை
அரை விரல் சீவினேன்.
சீவலை வாசலில் கொளுத்தினாள், கொசுவுக்கு.

பள்ளி மைதானம் முழுக்க மேடு மேடாய்,
முட்டைகளை அடுக்கிப் போர்வை போர்த்தியது போல.
பந்து தானாகவே போகக் கற்றுக்கொண்டுவிட்டது.
பையன்கள் விதியை மாற்றிக்கொண்டார்கள்:
சரிவுப் பக்கம் போட்டால் அரை கோல்.

நகரத்திலிருந்து வந்தவர்கள் துளை போட்டு
ஆழத்தில் வெப்பமானி இறக்கினார்கள்.
மைனஸ் ஒன்றாம்.
"முன்னே?"
"மைனஸ் நாலு."
"இன்னும் உறைந்துதான் இருக்கு" என்றார் ஒருவர்,
நோயாளியின் உறவினரிடம் பேசுகிற குரலில்.
அப்புறம் காட்டுத்தீயின் புகை இறங்கியது.
நடுப்பகலில் ஜீப்புக்கு விளக்குப் போட்டுக்கொண்டு போனார்கள்.

இடுகாட்டில் சிலுவைகள்
ஒன்றின் தோளில் ஒன்றாய்ச் சாய்ந்திருக்கின்றன.
அங்கே இருப்பவர்களுக்குக் கதவில்லை,
என்னை யாரும் கூப்பிடவில்லை.

துயாரா செப்டம்பரில் ஊரை விட்டாள்.
அடுப்படித் தரையில் விழுந்த வெடிப்பில்
மகனின் கால் முட்டிவரை இறங்கியதாம்.
யாகுட்ஸ்க்கில் ஐந்தாம் மாடி, வாடகை.
வீட்டை விட்டுவிட்டுக் கதவை மட்டும் கேட்டாள்.
கீலைக் கழற்றிக் கொடுத்தேன்.
ஏழு தடவை நான் இழைத்த கதவு;
ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் கட்டை,
நான்கு மூலையில் ஒன்றும் நேர்மூலை இல்லை.
அந்த வீட்டுக்கு அது சரியாக இருந்தது.

நேற்று ராத்திரி போன் செய்தாள்.
"பொருந்தலை. இங்கே நிலையெல்லாம் நேரா இருக்கு."
நேராக என்றால் எவ்வளவு நேர் என்று கேட்டேன்.
எரிச்சலாய், "நேர்னா நேர்" என்றாள்.
மகனுடைய கோலிக்குண்டு ஒன்றை எடுத்துத்
தரையில் வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

வைத்தாள்.
"நிக்குது."

நான் போனை வைக்கவில்லை.
அந்தப் பக்கம் ஏதோ இயந்திரத்தின் உறுமல்,
பையனின் இருமல்.

"இரு" என்றாள்.