ஒன்பதாவது இடம்

மைனஸ் இருபத்து மூன்று.
நரின் ஆறு மேலே மட்டும் உறைந்து
அடியில் எதையோ முணுமுணுத்தபடி போகிறது.
இரண்டாம் பாடவேளையில் மின்சாரம் போனது.
பதினொரு திரைகளும் ஒரே கணத்தில்
கண்ணை மூடிக்கொண்டன.

ஜில்திஸ் கத்தினாள்.
குதிரைகளைப் பற்றி நான்கு பத்தி அடித்திருந்தாள்,
சேமிக்கவில்லை.
எங்கே போயிற்று?
மெதெத் ஜன்னல் கண்ணாடியில் ஊதி
அந்த ஆவியில் அவள் பெயரை எழுதினான்.
பார்த்துக்கொண்டே இருந்தோம்.
அவன் ஊதுவதை நிறுத்தினான்.
பெயர் போயிற்று.
அப்படித்தான் என்றான்.

ஜெனரேட்டரைத் தேடிப் போன ஆசிரியர் திரும்பவில்லை.
நடைக்கூடத்தில் நிலக்கரி அடுப்பு இருந்தது,
அதன் சூட்டுக்காகத்தான் வெளியே வந்தோம்.
இயந்திரம் தூங்கினால் என்ன,
நாமே இயந்திரம் என்றான் தலாந்த்.

சுவரோரம் எட்டுப் பேர்.
நின்றால் ஒன்று, குந்தினால் சுழி.
வலது கோடியில் பெகிமாய், ஒன்றாம் இடம்.
அடுத்தவள் இரண்டு, அதற்கடுத்தவன் நான்கு,
இடப்பக்கம் நகர நகர இரட்டிக்கும்.
ஐந்தாவதாக மெதெத், பதினாறு.
இடது கோடியில் நான், நூற்று இருபத்தெட்டு.
பெரிய மனுஷி வந்துவிட்டாள் என்று சிரித்தார்கள்.

தலாந்த் கைதட்டினால் பெகிமாய் மாறுவாள்.
உன் வலப்பக்கத்து ஆள் நின்றிருந்து குந்தினால்
நீ மாறு.
இல்லையென்றால் சும்மா இரு.
விதி அவ்வளவுதான்.

வரிசையில் யாரும் எண்ணவில்லை.
எங்களில் இரண்டு பேருக்குக் கணக்கே வராது.
ஆனாலும் வரிசை எண்ணிற்று.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கோடு
கரித்துண்டால் சுவரில் போட்டாள் ஜில்திஸ்,
இது மின்சாரம் போனாலும் போகாது என்று.
ஐம்பத்து மூன்றாம் கோட்டில் நிறுத்தச் சொன்னாள்.
வரிசையை வாசித்தால் முப்பத்தேழு.
பதினாறைக் காணோம்.
அடுப்புச் சூட்டில் மெதெத் குந்தியபடியே
தூங்கிப் போயிருந்தான்.
தூக்கி நிறுத்தினோம். கணக்கு சரியாயிற்று.

பெகிமாய்க்கு முழங்கால் வலி.
தட்டுக்கொரு முறை எழுந்து, குந்தி, எழுந்து,
சின்ன இடத்துக்குத்தான் இத்தனை வேலையா என்று
என்னை முறைத்தாள்.
நான் நூற்று இருபத்தேழு தட்டுகள்
என் காலணியின் கிழிசலைப் பார்த்திருந்தேன்.
பிறகு அது வந்தது:
ஏழு பேரும் நின்றிருக்க, ஒரு தட்டு,
பெகிமாய் குந்த, அவளால் அடுத்தவள்,
அவளால் அவன், அவனால் இன்னொருத்தி,
சரிவு என்னை நோக்கி ஓடி வர
நான் எழுந்தேன்.
கால் மரத்திருந்தது.
கூடத்தில் நான் ஒருத்திதான் உயரம்.

மறுபடி ஒவ்வொருவராய் நிறைந்து
இருநூற்று ஐம்பத்தைந்தில்
எட்டுப் பேரும் நின்றோம், கம்பளிக் குல்லாய்களோடு.
தலாந்த் ஒரு நொடி தயங்கினான். தட்டினான்.
சரிவு மறுபடி ஓடி வந்தது.
நானும் குந்தினேன்.
மேலே கொடுக்க வேண்டிய ஒன்று
என் கையில் இருந்தது.
திரும்பினேன்.

என் இடப்பக்கம் சுவர்.
சுவரில் பதினோராவது கொக்கி,
மேலங்கி இல்லாமல்.
உலுக்மான் அக்டோபரில் போனான்,
யெகாதெரின்பூர்கில் அவன் அப்பா
சந்தையில் பெட்டி இறக்குகிறார்.
இருந்திருந்தால் எழுந்திருப்பான்.
மறந்திருப்பான், தள்ளி எழுப்பியிருப்பேன்.

எட்டுப் பேரும் சுழி.
எங்களைப் பார்த்தால்
எதுவுமே தொடங்காதது போல் இருக்கும்.
சுவரில் மட்டும்
இருநூற்று ஐம்பத்தாறு கரிக்கோடுகள்.

யாரும் பேசவில்லை.
பழக்கத்தில் தலாந்த் இன்னொரு முறை தட்டிவிட்டான்.
பெகிமாய் அவனைத் திட்டிக்கொண்டே எழுந்தாள்.

பதினொன்றே காலுக்கு மின்சாரம் வந்தது.
உலுக்மானின் திரையும் எரிந்தது,
கடவுச்சொல் கேட்டது.
ஜில்திஸ் உட்கார்ந்ததும் முதலில் சேமித்தாள்:
குதிரைகள் என்ற பெயரில்
ஒரு வெற்றுக் கோப்பு.