இருபத்தைந்து சொல்

சிங்கப்பூரில் பிடிபட்ட உனக்கு
இருபத்தைந்து சொல்லுக்கு மேல் எழுதக்கூடாதாம்.
செவ்வாய்ப்பேட்டை தபாலாபீஸில்
சேஷகிரி ராயர் பென்சில் முனையால்
தொட்டுத்தொட்டு எண்ணுவார்.

முதல் அட்டையில்
நலம் விசாரித்தே பதினொன்று தீர்ந்தது.
அப்புறம்தான் புத்தி வந்தது.
வெள்ளைக்கல்சூளையில்கூலிக்கணக்கெழுதுகிறேன்: ஒன்று.
ஏற்காட்டுமலைமேல்மழையிறங்கிவிட்டது: ஒன்று.
உன்சைக்கிளையுன்தம்பியோட்டியுடைத்துவிட்டான்: அதுவும் ஒன்று.

"என்னம்மா இது, சூரமங்கலத்துக் கூட்ஸ் வண்டியாட்டம்?"
"புணர்ச்சி, சார்" என்றேன்.
சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.
ராயர் தலை நிமிராமல்
முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

ஆத்தூரிலிருந்து என்னைப் பார்க்க வந்தவர்கள்
இரண்டு தரம் காப்பி வாங்கிக் குடித்ததை
எழுதவில்லை.
இடம் இருந்தது. மூன்று சொல் மிச்சம்.

பதினாலு மாதம் கழித்து உன் அட்டை.
எல்லாம் அச்சு.
நலமாயிருக்கிறேன், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன்,
இரண்டில் எதையும் நீ அடிக்கவில்லை.
உன் கையால் பெயர் மட்டும்:
செங்கோடன
கடைசி எழுத்துக்குப் புள்ளி இல்லை.
அவசரமா, மை தீர்ந்ததா, கை நடுங்கியதா,
தணிக்கைக்காரன் அதையும் சுரண்டிவிட்டானா?
அன்றைக்குச் சூளையில்
நாற்பது பேர் கூலியைத் தப்பாகக் கூட்டினேன்.

இன்றைய அட்டையில் எதையும் ஒட்டவில்லை.
இடம் விட்டு விட்டு இருபத்தைந்தும் எழுதி
கீழே, தனியாக,
ஒரு புள்ளி வைத்தேன்.

ராயரின் பென்சில் அதன்மேல் நின்றது.
"இது?"
"அவருடையது."
கணக்கில் சேர்க்காமல் குத்தினார்.