மூன்றாவது விசில்

செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு இருபது.
கோத்தகிரி மண்டியில் கடைசி லாரிக்குச் சீட்டு எழுதிவிட்டு
சட்டைப்பையில் பேனா கசிய
வீட்டுக்குள் நுழைகிறேன்.
கையில் ஒரு பை கேரட்.
எல்லாம் முறிந்தது.
முறிந்ததை யாரும் ஏலத்தில் கேட்பதில்லை.

அடுப்பு மேடையில், உப்பு ஜாடிக்கு அடியில்,
புஷ்பராணியின் கையெழுத்து:
"மொச்சை ஊறப்போட மறந்துட்டேன்.
ஃபேக்டரியில கொழுந்து குவிஞ்சு கிடக்கு.
ஏழரை ஆகும். திட்டாதீங்க."

எங்கே திட்டுவது?
ஊறாத மொச்சை இந்த உயரத்தில் வேகாது.
ஆறாயிரம் அடியில் தண்ணீருக்கு அவசரம்,
சூடு முழுசாய் ஏறுமுன்பே
கொதித்துவிட்டேன் என்று துள்ளும்.
என் சுபாவமும் அதுதான் என்பாள் அவள்.

"பரோட்டா வாங்கிடலாமாப்பா?"
சுதன் கம்பளிக்குள்ளிருந்து கேட்கிறான்,
தலை மட்டும் வெளியே.
ஜன்னலில் தெரிகிறது கடையின் மஞ்சள் வெளிச்சம்.
போன வாரம் மூன்று ராத்திரி அங்கேதான்.
ஆஸ்பத்திரிச் சீட்டில் என் சர்க்கரை அளவை
டாக்டரம்மா சிவப்பு மையில் சுழித்துத் தந்தது
பீரோ கதவில் ஒட்டியிருக்கிறது.
வாய் வரை வந்த "சரி"யை விழுங்கினேன்.

சம்பா ரவை ஒன்றரை டம்ளர்.
பாசிப்பருப்பு முக்கால்.
வாணலியில் பருப்பு சிவக்கச் சிவக்க
வீட்டின் ஈரவாடை பின்வாங்கியது.
கேரட் சீவச் சொன்னேன் சுதனை,
இரண்டுக்கு ஒன்று குக்கருக்கு வந்துசேர்ந்தது.
நிரோஷா கணக்கு நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு
பட்டாணி உரித்தாள்.
"நாலு ஆள் ஆறு நாள்ல வெட்டுற குழியை
மூணு ஆள் எத்தனை நாள்ல வெட்டுவாங்க?"
நாலாவது ஆளுக்கு என்ன ஆச்சு, கேட்டேன்.
முறைத்தாள்.

இஞ்சி, மிளகு, சீரகம்.
கறிவேப்பிலை மேட்டுப்பாளையத்திலிருந்து
மண்டி லாரியில் ஏறிவந்தது;
நட்ட செடி எங்கள் குளிரைப் பார்த்து
மூன்றே இலையோடு நின்றுவிட்டது.

மூடி, வெயிட் போட்டு,
கடிகாரம் பார்த்தேன்: ஆறு ஐம்பது.
முதல் விசில்.
இரண்டாவது.
பிறகு அடுப்பில் நீலம் மஞ்சளானது,
மஞ்சள் ஒரு பல்லளவு நின்றது,
அணைந்தது.

சிலிண்டரை அசைத்தேன். சாய்த்தேன்.
பதிவு செய்து ஆறு நாளாயிற்று என்று
அதனிடமே சொன்னேன்.
பரோட்டாக் கடை வெளிச்சம் இன்னும் பிரகாசமாயிற்று.

"மூணாவது விசில் வரலையேப்பா?"
எதுவும் யோசிக்கவில்லை.
சுதனின் கம்பளியை உருவினேன்,
புலிப்படம் போட்டது.
குக்கரைத் தூக்கி நடுவில் வைத்து
வெயிட்டின் மூக்குவரை சுற்றினேன்.
புலி வயிற்றில் ராச்சாப்பாடு.

குளிரத் தொடங்கியவன் வந்து
புலியை ஒருபக்கம் கட்டிக்கொண்டான்.
மறுபக்கம் நிரோஷா.
எட்டு நாள், சொன்னாள்,
குழியைப் பற்றி.

போன் அடித்தது.
"பாதையில காட்டெருமை நிக்குது,
குட்டியோட.
அது நகர்ந்தா வர்றேன்."
வேறு வழியில்லை, மூவரும் காத்திருந்தோம்.
யாரும் மூடியைத் தொடவில்லை.
அவசரக்காரன் என்று பெயரெடுத்த நான்கூட.

எட்டு மணிக்கு அவள் வந்தாள்,
கூந்தலில் தேயிலைத் தூள் மணக்க.
"அடுப்பு ஏன் குளிர்ந்து கிடக்கு?"
பிள்ளைகள் புலியைப் பிரித்தார்கள்.
ஆவி எழுந்து அவள் கண்ணாடியை மூடியது.
பருப்பு குழைந்திருந்தது.
பட்டாணிகூட.

கண்ணாடியைத் துடைக்காமலே ஒரு வாய் எடுத்தாள்.
"உப்பு?"
உப்பு ஜாடியைப் பார்த்தேன்.
சீட்டை எடுத்தவன்
ஜாடியைத் திறக்கவே இல்லை.
தட்டைச் சுற்றி ஜாடி ஒருமுறை போய்வந்தது.
சுதன் மூன்றாம் தடவை கேட்டு வாங்கினான்.
கம்பளியில் இஞ்சி நாறுது என்று முனகியபடியே
அதைப் போர்த்திக்கொண்டு தூங்கியும்போனான்.

படுக்கும் முன்
மொச்சையைக் கழுவி ஊறப்போட்டேன்.
"கேஸே இல்லை, எதுக்கு?" என்றாள்.
தெரியவில்லை.
ஊறட்டும்.