மூன்றாம் கை

நவ்ஷாத் ஒரு விதி வைத்திருந்தான்:
ஃபைலை மெயிலில் அனுப்பக் கூடாது.
தொடர் ஓட்டம் என்றால்
கோல் கைக்குக் கை மாற வேண்டும்.
அதனால் எங்கள் எகிப்து
ஒரு பச்சை பென் டிரைவில்,
கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டு டயர் கடையிலிருந்து
பர்கூருக்கும் காவேரிப்பட்டணத்துக்கும்
டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது.

ஐந்து பேர். ஆளுக்குப் பத்து வெள்ளம்;
அங்கே வருஷத்தை அப்படித்தான் எண்ணினோம்.
பத்தாவது வடிந்ததும் சேமி, எழுந்திரு, கொடு.
இடிக்கலாம், கட்டலாம்,
பழைய சேமிப்புக்கு மட்டும் திரும்பக் கூடாது.
இதே மணலில், இதே ஆற்றோரம்
தருமபுரிக்காரர்களும் ஐந்து பேர்.
எவர் பிரமிடு பிந்துகிறதோ
அவர் செலவில் பிரியாணி.

என் முறை மூன்றாவது.
திம்மராயன் விட்டுப்போன நகரம் திறந்தது.
வாற்கோதுமை வழியும் களஞ்சியம்.
தலைக்கு மேல் கடன்.
முச்சந்தியில் எப்போதும் இடப்பக்கமே திரும்பும் வைத்தியர்,
வலப்பக்கத் தெருவில்
காய்ச்சலில் கிடக்கும் பதினெட்டு வீடு.
ஃபோன் போட்டுத் திட்டினேன்.
"எனக்கு முந்தி ஆடுனவன் போட்ட ரோடுப்பா அது."
முந்தி ஆடியவன் நவ்ஷாத்.
நவ்ஷாத்தை நான் கேட்கவில்லை.

பகலில் நான் கிரானைட் யார்டில்
எடை மேடை குமாஸ்தா.
லாரி ஏறும், எண் நிற்கும், சீட்டு கிழிப்பேன்.
கல்லைப் பார்த்தே டன் சொல்வேன்.
அந்தத் திமிரில்
ஆறாம் வெள்ளத்தில்
எதிர்க்கரைப் பாறையில் நான்கு குவாரி போட்டேன்.
உளி விழுந்த சத்தம் அறையெல்லாம் கேட்டது.
கல் குவிந்தது.
குவிந்துகொண்டே இருந்தது.
இந்தக் கரையில் பிரமிடுக்காரர்கள்
கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

படகுத் துறை கட்ட மறந்திருந்தேன்.

தென்பெண்ணையை வருஷத்தில் பாதி நாள்
செருப்பு நனையாமல் கடப்பவனுக்கு
நைல் எங்கே ஞாபகம் இருக்கும்.

தெரிந்தபோது ஒன்பதாம் வெள்ளம். கையில் காசில்லை.
பத்தாவது வடிந்ததும் சேமித்தேன்.
ஃபைலுக்குப் பெயர் வைத்தேன்:
கல் நிறைய இருக்கு.

பர்கூர் பஸ் ஸ்டாண்டில் ரெஜினா,
ஷூ கம்பெனி சீருடையில், இரண்டாம் ஷிப்டுக்கு.
"ஊர் எப்படி இருக்கு?"
"நல்லா இருக்கு."
பென் டிரைவை டிபன் பையில் போட்டுக்கொண்டு
கம்பெனி பஸ் ஏறிவிட்டாள்.

ஒன்பது நாள் அவள் ஃபோனுக்குக் காத்திருந்தேன்.
வரவில்லை.
பிறகு மாதுலிங்கம். மாங்கூழ் சீசன்,
நைட் ஷிப்ட் முடித்து வந்து
பாதித் தூக்கத்தில் ஆடினான்,
ஒரு கோயில் எரிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு வெள்ளத்தில் தோற்றோம்.

பிரியாணிக் கடையில் தருமபுரி கொண்டப்பன்
தங்கள் செங்கல் கணக்கை
ஒவ்வொன்றாக விளக்கினார்.
ரெஜினா கத்தரிக்காய்த் தொக்கு
இன்னும் கொஞ்சம் கேட்டாள்.
எவரும் ஆற்றைப் பற்றிப் பேசவில்லை.

பென் டிரைவ் கடைசியில் என்னிடம் வந்தது.
இரவு திறந்தேன்.
என் ஃபைலுக்குக் கீழே அவளுடையது:
கல் வந்துக்கிட்டிருக்கு.

பிரமிடில் உச்சி மட்டும் பாக்கி.
வைத்தியர் முச்சந்தியில்
இப்போது வலப்பக்கமும் போகிறார்.
இரு கரையிலும் துறை.
நடுவில் ஒரு சின்னப் படகு,
ஆளை ஏற்றி, கல்லை ஏற்றி,
நான் மறந்த தண்ணீரின் மேல்
போகிறது, வருகிறது.
பதினோராம் வெள்ளம் வரை பார்த்திருந்தேன்.

காலையில் முதல் லாரி மேடை ஏறியது.
சீட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டேன்:
"வர்ற வழியில ஆறு ஏதாவது இருக்கா?"
டிரைவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.
"பாலம் இருக்கு சார்."